கவுன்சிலர் றஜீனா மேடையில் சொன்னது

தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்க் கடைகள் முடிகிற இடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வருகிற வட்டாரம் அது. அங்கே கவுன்சிலர் றஜீனா கிறிஸ்துராஜாவைத் தெரியாத தமிழர் இல்லை. எந்தக் கவுன்சில், எந்தக் கட்சி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சொன்னால் நாளைக்கே யாராவது போன் எடுத்துச் சண்டைக்கு வருவார்கள். கவுன்சிலர் என்றால் பெரிய பதவி என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். எடுக்காமல் கிடக்கும் குப்பை, பூஞ்சணம் பிடித்த சுவர், வாசலை மறித்து அடுத்தவன் நிறுத்திய கார், இவைதான் அதில் பாதி. மீதிப் பாதி, கூட்டங்களில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஆனால் நம் சனத்துக்கு அது போதும். தேர்தலில் வென்ற ஒரு தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டால் மாலையும் கையுமாக நிற்பார்கள்.

றஜீனா மன்னார் பேசாலையில் பிறந்தவள். போர்க்காலத்தில் லண்டன் வந்து, பஸ் ஓட்டுகிற கிறிஸ்துராஜாவைக் கட்டி, ஒரு மகளைப் பெற்று, பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வேலைக்குப் போனாள். அவளுக்கு இருந்த ஒரே கைமுதல் வாய்தான். கோவிலில் பூசை முடிந்ததும் நாலு பேர் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். "றஜீனா, கவுன்சிலுக்கு ஒரு போன் அடிச்சுத் தாரும்" என்பார்கள். அவள் அங்கேயே, மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளுத்து வாங்குவாள். அவளுடைய ஆங்கிலம் இலக்கணத்துக்கு அஞ்சாது. எதிர்முனையில் இருப்பவர்கள்தான் அஞ்சுவார்கள்.

அப்படி ஒருநாள் நூலகத்தில் நடந்த வட்டாரக் கூட்டத்தில், குளிரில் குழந்தைகள் இருமுகிற மாடிவீடுகளைப் பற்றி ஓர் அதிகாரியை அவள் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அவர்தான் கோலின். அவருடைய பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது பிரிக்ஸ்டனில். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்று, அந்த வார்டின் மூன்று கவுன்சிலர்களில் ஒருவராக இருந்தார். எந்தப் படலையின் பின்னால் நாய் நிற்கும், எந்தக் கதவை இரண்டாம் தரம் தட்டவேண்டும் என்று அவருக்குக் காலாலேயே தெரியும். கூட்டம் முடிந்ததும் வந்து, "அடுத்த தேர்தலில் எங்களுடன் நில்" என்றார். இவள் அதைப் பகிடி என்று நினைத்தாள்.

வீட்டில் சொன்னபோது கிறிஸ்துராஜா, "உனக்கென்ன விசரே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளே ஷிப்ட் முடிந்து வந்து துண்டுப்பிரசுரங்களை மடித்துக் கொடுத்தார். கோலினும் அவளும் மழையில் நனைந்து தெருத்தெருவாக நடந்தார்கள். கதவு திறப்பது தமிழ் வீடென்றால் இவள் பேசுவாள். மற்ற வீடென்றால் அவர் பேசுவார். தமிழ் வீடுகளில் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள். அந்த அலைச்சலில்தான் கோலின் "நன்றி அம்மா" என்று சொல்லப் பழகினார். எந்த வீட்டிலும், எந்த வயதுப் பெண்ணுக்கும், அவருக்கு அந்த ஒரு வசனம்தான். 2014இல் றஜீனா வென்றாள். அன்று கோலின்தான் அவளைவிட அதிகமாகக் குதித்தார்.

வேலையும் செய்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மாடிவீடுகளுக்குப் புதுச் சூடாக்கி வந்தது அவளால்தான். பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போட்டதும் அவள்தான். 2018இல் மறுபடி வென்றபோது அவளைத் திட்டமிடல் குழுவில் போட்டார்கள். யார் எங்கே என்ன கட்டலாம், எந்தக் கடையை எதற்கு மாற்றலாம் என்று அனுமதி கொடுக்கிற குழு அது. குழுவில் சேருகிறவர்களுக்கு ஒருநாள் வகுப்பு உண்டு. முதல் பாடமே இதுதான்: கூட்டத்தில் இரண்டு பக்கத்தையும் கேட்ட பிறகே முடிவெடுக்கவேண்டும். முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று வெளியே சொன்னவர் வாக்களிக்க முடியாது. றஜீனா தலையாட்டிக் கேட்டாள். விளங்கவில்லை என்று பின்னாளில் அவளால் சொல்லமுடியாத அளவுக்கு நன்றாக விளங்கியது.

ஆனால் மேடை இருக்கிறதே, அது நம் ஆட்களுக்கு ஒரு வருத்தம், மாறாத நோய். லண்டனில் தமிழ் விழா என்றால் பிரதம விருந்தினர் வேண்டும், மங்கல விளக்கு வேண்டும், பொன்னாடை வேண்டும். கவுன்சிலர் அகப்பட்டால் விடுவார்களா? டூட்டிங்கில் நடனப்பள்ளி அரங்கேற்றம், ஈஸ்ட் ஹாமில் நகைக்கடைத் திறப்பு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் றஜீனாவை வீட்டில் காண முடியாது. வீட்டு அலுமாரியில் பொன்னாடைகள் சேர்ந்து, கிறிஸ்துராஜாவின் குளிர் உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே போயின. முதலில் கூச்சப்பட்டவள் பிறகு மைக்கைக் கண்டால் மலர்ந்துபோனாள். கைதட்டு எந்த இடத்தில் விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கோவில் பங்கில் இருந்த தமிழ்ச் சனத்துக்கு அப்போது ஒரே ஆசைதான் இருந்தது. பழைய கம்பளக் கடை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை வாங்கி மண்டபமாக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, செத்தவீட்டுச் சாப்பாடு, முதியோர் ஒன்றுகூடல், எல்லாவற்றையும் அதுவரை வாடகை மண்டபங்களில் மணி பார்த்துப் பார்த்துத்தான் நடத்தினார்கள். மண்டபக் குழுத் தலைவர் தவராசா. அதற்காகவே மூச்சு விட்டவர் என்றால் யேசுரட்ணம்தான். செவ்வாய்க்கிழமைகளில் கிழவர்களைச் சேர்த்துக்கொண்டு கோவில் நடையில், கோட்டுக் கழற்றாமல், தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தியிருப்பார். கோலினும் வந்து நடுவில் இருப்பார். பாஷை இல்லாமலே இருவரும் நல்ல சிநேகிதர்கள். கடையை மண்டபமாக்கும் விண்ணப்பம் றஜீனாவின் குழுவுக்குத்தான் வரவிருந்தது. அயலவர்கள் சிலர், கார் நிறுத்த இடமில்லை, சத்தம் வரும் என்று எதிர்த்து நின்றார்கள்.

2019 ஒளிவிழா. நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு முந்திய அந்த விழாவில் றஜீனாதான் பிரதம விருந்தினர். கழுத்து நிறைய மாலை. தவராசா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கட கவுன்சிலர் இண்டைக்கு எங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டா!" என்றார். முன்வரிசையில் யேசுரட்ணமும் மனைவி பிலோமினம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் படித்தது றஜீனாவுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இரண்டு பக்கத்தையும் கேட்டு யோசிக்கிறேன்" என்று எந்தத் தமிழ் மேடையில் சொல்ல முடியும்? பின்வரிசையில் விசிலடித்துச் சிரிப்பார்களே!

"யோசிக்க ஒண்டுமில்லை," என்றாள் றஜீனா. "கடை எங்கட கையில எண்டு நினையுங்கோ. அந்தக் கூட்டத்தில உயருற முதல் கை என்ர கைதான். அனுமதி வாங்கித் தராமல் நான் இனி ஒரு மாலை போடமாட்டன்!"

கைதட்டலில் கூரை பறந்தது. பிலோமினம்மா கண்ணைத் துடைத்தார். எல்லாம் ஃபேஸ்புக்கில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் றஜீனா அந்தக் காணொளியைத் தன் பக்கத்திலும் போட்டாள், மூன்று இதயங்களோடு.

பெப்ரவரியில் கவுன்சில் சட்ட அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மரியாதையான பெண். மேசையில் கணினியைத் திருப்பிக் காட்டினார். மாலையோடு றஜீனா பேசிக்கொண்டிருந்தாள். கீழே ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் ஓடியது. எதிர்த்தவர்களில் ஒருவர் தமிழ் தெரிந்த யாரையோ பிடித்து மொழிபெயர்க்க வைத்திருக்கிறார். தன் வீறாப்பை இன்னொரு பாஷையில் வாசித்தபோது றஜீனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதிகாரி கோபப்படவில்லை. "நீங்கள் வாக்களித்தால் முடிவே செல்லாமல் போய்விடலாம். ஆனால் வார்டு உறுப்பினராக வந்து அவர்களுக்காகப் பேசலாம். ஏன் வாக்களிக்கவில்லை என்பதைச் சொல்லி, பேசிவிட்டு, வெளியே போய்விடுங்கள்" என்றார்.

பேசுவது அவளுக்கு ஒரு வேலையா? ஆனால் பார்வையாளர் இருக்கைகளில் தவராசா இருப்பார், யேசுரட்ணம் இருப்பார், பிலோமினம்மா இருப்பார். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, நான் வாய் திறந்ததால் உங்களுக்கு ஒரு வாக்குப் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். கூட்டத்தன்று மத்தியானம் அவள் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். கிறிஸ்துராஜா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே!"

"உட்காய்ச்சல்."

அவர் மல்லி அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இல்லாத காய்ச்சலுக்கு அதை முழுவதும் குடித்தாள். குழுவுக்கும் கோலினுக்கும் காய்ச்சல் என்று போனில் செய்தி அனுப்பினாள். "கவலைப்படாதே, உனக்குப் பதிலாக நான் போய்ப் பேசுகிறேன்" என்று கோலின் பதில் போட்டார். போய்ப் பேசியும் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைக் கிழவர்கள் கோட்டோடு குந்தியிருப்பதை அவர் சொன்னபோது சபையே அடங்கிப்போனதாம். ஆனாலும் வாக்குகள் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தன. சமமென்றால் தீர்க்கிற வாக்கைத் திட்டமிடல் குழுத் தலைவர் எதிராகப் போட்டார். றஜீனாவின் ஒரு கை இருந்திருந்தால் கடை நம்முடையது.

தவராசா வீட்டுக்குப் போகும் வழியிலேயே போன் எடுத்தார்.

"நாங்கள் எல்லாரும் போயிருந்தம். உங்களைக் காணேல்லை, தங்கச்சி. என்ன நடந்தது?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வந்தது. நாக்கு நுனி வரை வந்தது. பிறகு வேறொன்று வந்தது. "என்னை விடேல்லை அண்ணை. தமிழ் ஆக்களின்ர விசயத்தில தமிழ் ஆள் இருக்கக்கூடாதெண்டு கட்சிக்குள்ள சொல்லிப்போட்டினம்."

"ஆர், கோலினோ?" என்றார் தவராசா. 

"அதை விடுங்கோ அண்ணை," என்றாள் றஜீனா.

நம் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் ஓம் என்றுதான் அர்த்தம். அது அவளுக்கும் தெரியும், தவராசாவுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கண்ணாடியைப் பார்க்காமல் முகம் கழுவினாள். அடுத்த நாள் திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் சொல்லவில்லை. அடுத்த மாதம் கொரோனா வந்து ஊரைப் பூட்டியது. கம்பளக் கடையை வேறொருவன் வாங்கிப் பொருட்கள் பூட்டிவைக்கிற கிடங்காக்கினான். பொய் மட்டும் எங்கும் போகாமல் அவளோடு இருந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் அதே கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் மெருகும் ஏறியது. எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

2022இல் தேர்தல் வந்தது. கோலினும் அவளும் பழையபடி சேர்ந்து நடக்கவில்லை; அவள்தான் ஏதாவது சாட்டுச் சொல்லி வேறு தெருவுக்குப் போனாள். ஒருநாள் அவர், "உன் ஆட்கள் எனக்குக் கதவு திறக்கிறார்கள் இல்லை. நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா? உனக்குத் தெரிந்தால் சொல், போய் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். றஜீனா, "கொரோனாவுக்குப் பிறகு எல்லாருக்கும் பயம்" என்று சொல்லிவிட்டுத் தன் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தாள். நாடா அவிழ்ந்திருக்கவேயில்லை. வாக்கு எண்ணிய விளையாட்டரங்கில் அவள் முதலாவதாக வந்தாள். இடம் மூன்றுதான்; கோலின் நாலாவது, ஒரு தெருச் சனம் போட்டிருந்தால் தப்பியிருப்பார். அந்தத் தெருவும் அவளுக்குத் தெரியும். தோற்றவர் வந்து வென்றவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அவளுக்குத் தன் உடம்பைக் கழற்றி எங்காவது வைத்துவிட வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகும் அவள் வளர்ந்துகொண்டுதான் போனாள். அடுத்த மே மாதம் அவளை மேயராக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் வந்தது. சிவப்பு அங்கியும் கழுத்தில் சங்கிலியும். ஊரெல்லாம் அதே கதை. கிறிஸ்துராஜா யாருக்கும் சொல்லாமல் புதுக் கோட்டுத் தைக்கக் கொடுத்திருந்தார்.

இந்தச் சமயத்தில் யேசுரட்ணம் காலமானார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, எல்லோரும் சாப்பாட்டுக்கு ஒரு வாடகை மண்டபத்துக்கு வந்தார்கள். நாலு மணிக்கு வேறு யாருக்கோ பிறந்தநாள் கொண்டாட்டம். அதற்குள் கூட்டித் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும். கோலினும் வந்திருந்தார், கழுத்தில் கறுப்பு ரை கட்டிக்கொண்டு. சிநேகிதனுக்காக வந்தவர். அவருடைய தட்டில் பெண்கள் மாறிமாறிக் கறி போட்டார்கள். போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். அதை றஜீனா கவனித்தாள். பொய் நன்றாக வேரோடிவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் குன்றினாள்.

தவராசா மைக்கில், "இப்ப எங்கட நாளைய மேயர் ரெண்டு வார்த்தை பேசுவா" என்றார். நினைவு உரைதானே என்று எழுந்தாள். யேசுரட்ணத்தின் நல்ல குணங்களைச் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருக்கிறதே. "அவர் ஆசைப்பட்ட மண்டபத்தில அவருக்கு இந்தச் சோறு குடுத்திருக்கவேணும். அண்டைக்கு என்னை மட்டும் உள்ளுக்க விட்டிருந்தா…" என்று தொண்டை தழுதழுக்க இழுத்தாள். மண்டபம் முழுவதும் தலைகள் குனிந்தன. துக்கத்தில் குனிகிறார்கள் என்று அவள் நினைத்தாள். பின்னால் கோலின், ஒன்றும் விளங்காமல், மரியாதைக்குக் கைகட்டி நின்றார்.

சாப்பாடு முடிந்தது. மண்டபத்துச் சமையலறையில் பிலோமினம்மா மிஞ்சிய சோற்றையும் இறைச்சிக் கறியையும் பார்சல்களாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ரமா உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. கைக்கு வேலை இல்லாவிட்டால் அழுகை வருகிறது என்றார். றஜீனா அவருக்குப் பக்கத்தில் நின்று உதவினாள். ஆறுதல் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது பழைய பாட்டுத்தான்.

"அவருக்கு அந்த மண்டபத்தைக் குடுக்க ஏலாமப் போச்சு அன்ரி. அண்டைக்கு அவங்கள் என்னை…"

"போதும் பிள்ளை," என்றார் பிலோமினம்மா. குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "இனி எனக்கு அதைச் சொல்லாதை. அவரும் போயிட்டார். இனி ஆருக்காக?"

றஜீனாவுக்கு விளங்கவில்லை. பிலோமினம்மா ஒரு பார்சலை மூடி ஓரத்தை அழுத்தினார்.

"நாங்கள் அண்டைக்கு அங்கதானே இருந்தனாங்கள். தொடங்கேக்கையே அந்தக் கவுன்சில் குழுத் தலைவர் எல்லாத்தையும் வாசிச்சவர். நீ மேடையில பேசினது, அதால உன்னால வோட்டுப் போட ஏலாதெண்டது, பேச வரச் சொல்லியும் காய்ச்சல் எண்டு சொன்னது. ரமா எனக்குப் பக்கத்தில இருந்து சொல்லிக்கொண்டு வந்தவள். கோலின் பிறகுதான் பேச உள்ளுக்க வந்தது."

"தவராசா அண்ணை?"

"அவர் எனக்கு முன்னுக்கு இருந்தவர்."

அப்படியென்றால், அன்று போன் எடுத்து என்ன நடந்தது என்று கேட்டவர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டார். அவள் தடுமாறியபோது கோலினின் பெயரை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். 

"அப்ப ஏன் அன்ரி ஒருத்தரும் என்னைக் கேட்கேல்லை?"

"எப்பிடிக் கேட்கிறது? மேடையில உன்னைச் சொல்ல வைச்சது நாங்கள்தானே. மாலையைப் போட்டு, மைக்கைக் குடுத்து, சொல்லு சொல்லு எண்டது நாங்கள். பிறகு உன்னைத் தெருவில விடுறதே? தவராசா வந்து சொன்னார், தங்கச்சி கோலினைச் சொல்லுது, அப்பிடியே விடுவம் எண்டு. விட்டம்."

"அந்தாளுக்கு நீங்கள் வோட்டாவது போட்டிருக்கலாமே!"

இதைக் கேட்க அவளுக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் கேட்டுவிட்டாள். பிலோமினம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார், இது கூடவா தெரியாது என்பதுபோல.

"போட்டா நீ சொன்னது பொய்யெண்டு நாங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும் எல்லோ? என்ர மனுசன்தான் கடைசி மட்டும் முணுமுணுத்துக்கொண்டு இருந்தவர், எங்கட வீட்டு ரெண்டு வோட்டாவது கோலினுக்குப் போடுவம் எண்டு. நான்தான் விடேல்லை. கோலின் வந்து மணி அடிச்சது. கதவைத் துறந்தன். என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அழுகை வந்திட்டுது. சாத்திப்போட்டன்."

பிலோமினம்மா அடுத்த பார்சலை எடுத்தார்.  றஜீனா இவ்வளவு காலமும் ஒரு பொய்யை ஒளித்து வைத்திருக்கிறேன் என்றல்லவா நினைத்தாள்? ஒளித்து வைத்தது அவளல்ல. ஊரே சேர்ந்து அவளுக்காக ஒளித்து வைத்திருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் மெருகேற்றிச் சொன்னபோது, தெரிந்துகொண்டு, பொறுத்துக்கொண்டு, தலையாட்டியிருக்கிறார்கள். சற்று முன்னர் குனிந்த தலைகள் துக்கத்தில் குனியவில்லை. அவளுக்காக வெட்கப்பட்டுக் குனிந்தன. யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால், எவ்வளவு சுகமாயிருந்திருக்கும்!

வெளியே மண்டபத்தில் கோலின் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எந்த வீட்டு அலுவலிலும் கடைசியில் கதிரை அடுக்குவது அவர்தான். தவராசாவும் மற்றவர்களும் தூரத்தில் நின்று பொலித்தீன் பைகளில் குப்பை சேர்த்தார்கள். றஜீனா நேரே அவரிடம் போனாள். மைக் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு அருவருத்தது. நின்றுகொண்டே, ஆங்கிலத்தில், ஒன்றையும் விடாமல் சொன்னாள். மேடையில் சொன்னதை, காய்ச்சல் என்று படுத்ததை, அவருடைய பெயரைக் கேட்டபோது இல்லை என்று சொல்லாததை.

கோலின் ஒரு கதிரையைக் கையில் பிடித்தபடி கேட்டார். முடிந்ததும் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆக, அவர்கள் அதை நம்பிவிட்டார்கள்," என்றார். அவருடைய முகம் கொஞ்சம் இளகியதுபோல இருந்தது. "நான் ஏதோ செய்துவிட்டேன் என்று நம்பித்தான் கதவைச் சாத்தினார்கள். அப்படியானால் அவர்களில் பிழையில்லை. யேசுரட்ணத்தின் மனைவி என்னைக் கண்டு அழுதாள். அது ஏன் என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருந்தேன்."

இந்த இடத்தில் அவள் ஓம் என்றிருக்கலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதில்தான் அவள் கெட்டிக்காரி ஆயிற்றே. ஆனால் இனியும் இந்த மனிதனுக்கு ஒரு பொய்யைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள்.

"இல்லை கோலின். அவர்களுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்."

"எல்லோருக்குமா?"

"எல்லோருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான், இந்தச் சனம் ஏதோ தவறாக விளங்கிக்கொண்டுவிட்டது என்பது. அதையும் இவள் பிடுங்கிக்கொண்டாள். கோலின் மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். குப்பை கூட்டும் தவராசாவை, மேசை துடைக்கும் பெண்களை, தன் தட்டில் மாறிமாறிக் கறி போட்ட கைகளை. மழையில் நனைந்து வந்தவருக்குத் துவாய் எடுத்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து பிலோமினம்மா சமையலறையிலிருந்து வந்தார். கையில் ஒரு பெரிய பார்சல், மற்றவர்களுக்குக் கட்டியதைவிட இரண்டு பங்கு. இரண்டு கையாலும் கோலினிடம் நீட்டினார். கோலினும் இரண்டு கையாலும் வாங்கினார்.

"நன்றி அம்மா," என்றார்.

பிறகு பார்சலை, தான் அடுக்கிய கதிரைகளின் மேல், கவனமாக, சரியாதபடி வைத்தார். கொழுவியில் கிடந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, றஜீனாவைத் திரும்பிப் பார்க்காமல், கதவைத் திறந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

பிலோமினம்மா பதறிப்போனார். "ஐயோ, சாப்பாட்டை மறந்து போட்டுப் போறார். பிள்ளை, ஓடிப்போய்க் குடுத்திட்டு வா. கார் எடுக்க முன்னம் ஓடு!"

றஜீனா அசையவில்லை.

"அவர் மறக்கேல்லை அன்ரி," என்றாள்.